மேற்குப் பாதியின் ஆழம்

அவள் என் கழுத்தை அறுத்துவிட்டாள், தம்பி. கூடப் பிறந்தவள். ஊரே கூடியிருந்த இடத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினாள், அத்தோடு என் பொழப்பு நாறிப்போனது. பேர் கேட்காதீர்கள். தங்கச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். ஓசூர் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். பாலக்கோட்டைத் தாண்டினால்தான் இந்த வண்டி வேகம் பிடிக்கும். அதுவரைக்கும் தக்காளிக் கூடை ஏற்றுவதும் இறக்குவதுமாகத்தான் போகும். வேறு நாளாக இருந்தால் கண்டக்டரிடம் ஒரு சண்டை போட்டிருப்பேன். இன்றைக்கு மனசில்லை.

என் பேர் மாதப்பன். பாறைக்கொல்லை அணைக்குத் திரும்புகிற முக்கில் மீன் கடை. சொந்தக் கடை, சொந்த ஐஸ் பெட்டி. அப்பா போனபோது எனக்கென்று மிஞ்சியது ஓர் அலுமினிய அன்னக்கூடை. அதில் மீனைப் போட்டுக்கொண்டு இதே மாதிரி பஸ்ஸில் ஏறுவேன். நாறுது என்று இறக்கிவிடுவான். அடுத்த பஸ்ஸில் ஏறுவேன். அப்படி வந்த ஆள் நான். விலை சொல்கிறவன் மூஞ்சியைப் பார்த்தே இவன் எங்கே இறங்குவான் என்று எனக்குத் தெரிந்துவிடும். கோபமும் வரும். கோபம்தான் என் முதல் என்று வையுங்கள். சத்தம் போடாமல் இந்த உலகத்தில் எனக்கு ஒரு துரும்பும் கிடைத்ததில்லை.

தங்கச்சியைப் படிக்க வைத்தது நான். கம்ப்யூட்டர் படிப்பு. என் கடைக்கு எதிரிலேயே ஆன்லைன் சென்டர் வைத்துக் கொடுத்ததும் நான். பென்ஷன் மனு, பட்டா, ஆதாரில் பேர் திருத்தம், எல்லாம் அங்கேதான். அவளிடம் ஒரு பழக்கம். யார் நம்பர் சொன்னாலும் அடித்துவிட்டு வாய்விட்டுத் திருப்பிப் படிப்பாள். எதிரில் நிற்கிற கிழவிக்குக் காது கேட்காவிட்டாலும் படிப்பாள். மறுபடியும் படிப்பாள். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். "ஏம்மா, ஒரு தடவ அடிச்சா பத்தாதா?" என்பேன். "அவங்க பென்ஷன் வேற எவளுக்காவது போய்ச் சேர்ந்தா நீ குடுப்பியா?" என்பாள். சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் பஸ் பிடித்து அவளிடம்தான் வரும்.

கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்களோடு நான் கொஞ்சம் பேரம் பேசினேன். அது இருக்கட்டும், வேறு கதை.

மிஷின் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஐஸ் பெட்டி பார்க்க நாகப்பட்டினம் போனேன். அங்கே ஒரு படகு சாமான் கடையில் சின்ன டிவி மாதிரி ஒன்று கிடந்தது. "இது என்னய்யா?" என்றேன். எக்கோ மிஷின் என்றான். வயர் நுனியில் ஓர் உருண்டை இருக்கும், அதைத் தண்ணீருக்குள் விட வேண்டும். அது கீழே ஒரு சத்தத்தை அனுப்பும். சத்தம் தரையில் முட்டித் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்து இத்தனை அடி ஆழம் என்று திரையில் காட்டும். நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும். கேட்டதும் விலை பேச ஆரம்பித்தேன். கடையை விட்டு இரண்டு தடவை கோபித்துக்கொண்டு வெளியே வந்து, மூன்றாவது தடவை அவன் கூப்பிட்ட பிறகு வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்றால், எங்கள் அணையில் எல்லாமே குத்துமதிப்பு. வெயில் ஏற ஏற பெரிய கட்லா மீனெல்லாம் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆழம் எங்கே? ஒருத்தன் அங்கே என்பான், ஒருத்தன் இங்கே என்பான். மீன் வாங்கப் பெங்களூர்க்காரன் லாரியோடு வந்து நிற்பான், பெரிய மீன் கொண்டு வா என்பான். எங்கள் வலைக்காரன்கள் உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபிக் கெண்டையைக் கொட்டுவான்கள். எனக்கு வயிறு எரியும். அணை மொத்தத்துக்கும் ஆழம் போட்டு ஒரு படம் கையில் இருந்தால் எப்படி இருக்கும்!

முதலில் பரிசலில் வைத்துப் பார்த்தேன். பரிசல் சுற்றச் சுற்ற மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கரையில் ஒரே சிரிப்பு. "மாப்ள, மிஷினுக்கு வாந்தி வரப் போவுது, எலுமிச்சம்பழம் குடு" என்றான் தொப்பளான். அவன் எங்கள் மீனவர் சங்கத் தலைவன். எனக்கு மாமன் முறை. வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. நான் விடவில்லை. ஒரு பைபர் படகைப் பழசாகப் பிடித்தேன். பிளாஸ்டிக் குழாயில் உருண்டையைக் கட்டிப் பின்பக்கம் இறக்கினேன். ஆட்டோ பேட்டரியை வைத்தேன். கொல்லையில் ஏர் ஓட்டுகிற மாதிரி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு சால், திரும்பி வர ஒரு சால். வெயில் மண்டையைப் பிளக்கும். தனியாகத்தான் ஓட்டினேன்.

மேற்குப் பாதியைத் தை மாசத்தில் முடித்தேன். அப்போது அணை தளும்பிக்கொண்டு இருந்தது. பிறகு கடையில் வேலை, கால்வாய்க்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாள் ஓடிவிட்டது. கிழக்குப் பாதியைச் சித்திரை பிறந்த பிறகுதான் ஓட்டினேன். மிஷின் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்த மெமரி கார்டைக் கொண்டுபோய்த் தங்கச்சியிடம் கொடுத்தேன். எத்தனையோ ஆயிரம் நம்பர். அவள் சென்டரை மூடிய பிறகு உட்கார்ந்து, ஒரே ஆழம் உள்ள இடத்தையெல்லாம் கோடு போட்டுச் சேர்த்து, மேடு சிவப்பு, பள்ளம் நீலம் என்று நிறம் கொடுத்து எடுத்தாள். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, தம்பி. தண்ணீரை உறிஞ்சிவிட்டு அணையைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

அப்போது அவள் கேட்டாள். கேட்டாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. படத்தின் நடுவில் வடக்கிலிருந்து தெற்கே ரம்பத்தால் அறுத்த மாதிரி ஒரு கோடு. அந்தப் பக்கம் திடீரென்று பள்ளம், இந்தப் பக்கம் திடீரென்று மேடு.

"அண்ணா, இது என்னா இவ்ளோ நேரா இருக்குது? தையில ஓட்டனப்ப அணைச் சுவத்துல எத்தன அடி இருந்தது? இப்ப எத்தன அடி?"

அணைச் சுவரில் அளவு எழுதியிருப்பார்கள். தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். நானும் தினம் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

"சுவத்துல எழுதறது கவர்மெண்டுக் கணக்கு," என்றேன். "நம்ம மிஷின் நேரா தரையத் தொட்டுப் பாக்குது. அதுக்கு எதுக்குச் சுவரு?"

"இல்லண்ணா, தண்ணி எறங்கியிருந்தா..."

"அது பழைய ஆத்தோட கரை. செங்குத்தா நிக்குது. நான் நேர்ல போனவன், நீ ரூம்ல உக்காந்து பாக்கறவ. வேலையப் பாரு."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவள் படத்தை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அழுத்திச் சொல்லியிருக்கலாம் இல்லையா? பென்ஷன் நம்பரை மட்டும் அத்தனை தடவை படிக்கிறவள், கூடப் பிறந்தவனிடம் இதை இன்னொரு தடவை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? நீங்களே சொல்லுங்கள்.

படத்தை ஃபிளெக்ஸ் போட்டேன். கதவு அகலம். கீழ் மூலையில் கைகூப்பி நிற்கிற மாதிரி என் போட்டோ. 'பாறைக்கொல்லை அணையின் ஆழம் கண்ட மாதப்பன்' என்று போட்டேன். அவள் பேரா? அதற்கு இடம் பத்தவில்லை. போட்டோவைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருந்தால் பத்தியிருக்கும், அது வேறு விஷயம்.

முதலில் கிழக்குப் பாதியில் வலை போட்டோம். படம் சொன்ன பள்ளம் சொன்ன இடத்தில் இருந்தது. வலையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவு மீன். என்னால் ஒரு கையால் தூக்க முடியாத கட்லா எல்லாம் வந்தது. பெங்களூர்க்காரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். தொப்பளானே கிண்டலை விட்டுவிட்டு, "மாப்ள, உனக்குத் தண்ணிக்குள்ள கண்ணு இருக்குதுடா" என்றான். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது மேற்கு. அங்கேதான் பெரிய பள்ளம், படத்தில் கருநீலம். முப்பத்தைந்து அடி. அது போக, தையில் ஓட்டும்போது திரையில் அந்த இடத்தில் அடியிலிருந்து கோடு கோடாகக் கிளம்பி நின்றதைப் பார்த்திருந்தேன். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். எல்லாம் பெரிய மீன், கூட்டமாக நிற்கிறது என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். போன தடவை பார்த்த இடத்திலேயே மறு தடவையும் அசையாமல் நின்றது. இங்கேயே குடியிருக்கிறது என்று இன்னும் சந்தோஷப்பட்டேன்.

தொப்பளான்தான் இழுத்தான். "அங்க புளியந்தோப்பு மாப்ள. அணை கட்டறப்ப மேல்மரத்த மட்டும் வெட்டிட்டு, அடிமரத்த அப்படியே முழுகடிச்சிட்டாங்க. மேலாக்க வலை போடுவோம், ஆழத்துக்கு எறக்க மாட்டோம்."

"தோப்பு முப்பத்தஞ்சு அடிக்குக் கீழ கெடக்குது மாமா. ரெண்டு வலையை ஒண்ணு மேல ஒண்ணா சேத்துத் தைப்போம். இருவது அடிதான் தொங்கும். மரம் எங்க, வலை எங்க?"

"கல்லுல கயித்தக் கட்டி ஒருக்கா விட்டுப் பாத்துட்டு..."

அவ்வளவுதான். எனக்குக் கோபம் எங்கிருந்து வருமோ, வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "கல்லுல கயித்தக் கட்டறதுக்கா நான் நாகப்பட்டினம் போயி மிஷின் வாங்கனேன்? இந்தப் படம் பொய்யினா, நடு சங்கத்துல வச்சு உன் செருப்பக் கழட்டி என்ன அடி. போதுமா?"

பிறகு யார் என்ன பேசுவார்கள்? சங்கத்து வீடுகள் எல்லாம் இருக்கிற வலையைக் கொண்டுவந்து கொட்டின. பொம்பளைகள் உட்கார்ந்து இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் கொண்டுபோய் விட்டோம். விடும்போதே ஒரு பையன், "வலை தரை தட்டற மாதிரி தொய்யுதேண்ணா" என்றான். "காத்துக்குடா" என்றேன்.

காலையில் தூக்கப் போனால் வலை வரவில்லை. ஒரு முழம்கூட அசையவில்லை. தையில் முப்பத்தைந்து அடி இருந்த இடம், தண்ணீர் இறங்கி இப்போது பதினைந்து அடிதான் இருந்தது, தம்பி. வலையின் அடிப்பாதி முழுக்கப் புளியந்தோப்பின் அடிமரங்களில் போய்ச் சுற்றிக்கொண்டது. நான் மீன் என்று பார்த்ததெல்லாம் மரம். மேலே மிதவை ஆடுகிறது, உள்ளே கட்லா பளபளவென்று துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. இழுத்தால் கிழிகிறது. வெயில் ஏற ஏறத் துள்ளல் நின்றுவிட்டது. கடைசியில் மேல்பாதியை அறுத்துக்கொண்டு வந்தார்கள். மீதி அங்கேயே கிடந்து அழுகியது. காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போதெல்லாம் என் கடை வரைக்கும் அந்த நாற்றம் வந்தது. மீன் நாற்றத்திலேயே வளர்ந்தவன் நான். எனக்கே குமட்டியது.

சங்கத்தைக் கூட்டினார்கள். தங்கச்சியும் வந்து ஓரமாக நின்றாள். எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாது.  தொப்பளான் மட்டும் எழுந்து வந்தான். குனிந்து செருப்பைக் கழற்றினான். கோபமாகக்கூட இல்லை. அழுதுகொண்டிருந்தான், அந்தக் கிண்டல்காரன்.

"நீதான் சொன்ன மாப்ள," என்றான். "நானா கேக்கல."

நான் உட்கார்ந்திருந்தேன். ஓடவும் முடியாது, பேசவும் முடியாது. அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் பேசினாள். "மாமா, படம் வரஞ்சது நான். அண்ணன் குடுத்தது சரியான கணக்கு. மேக்குப் பக்கம் நம்பர நான்தான் தப்பா ஏத்திட்டேன்."

பார்த்தீர்களா? இதுதான் அந்த நாலு வார்த்தை. பச்சைப் பொய். அவள் ஏற்றினதில் ஒரு புள்ளி தப்பு கிடையாது. கார்டில் என்ன இருந்ததோ அதுதான் படத்தில் இருந்தது. படம் அவள் வரைந்தது என்றே அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. யார் இவளைக் கேட்டது? யார் கூப்பிட்டது?

தொப்பளான் செருப்பைக் கீழே போட்டான். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நான் கண்ணைத் திறந்தேன்.

இல்லை, தண்ணீர் வேண்டாம், இருக்கிறது.

திறந்தேனா? என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்கு முன்னால் என் வாய் திறந்துவிட்டது. சத்தியமாக நான் யோசிக்கவில்லை. வாய் தானாக வந்துவிட்டது. "பாத்தீங்களா! நான் சொன்னேன் இல்ல, மிஷின் பொய் சொல்லாதுன்னு!" என்றேன். எழுந்தே நின்றுவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? அவள் பக்கம் திரும்பி, "நாலு எழுத்துப் படிச்சிட்டாத் திமிரு. ஒரு நம்பர ஒழுங்கா ஏத்தத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடி கம்ப்யூட்டரு?" என்றேன். நிறையச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால். யாரோ ஒருத்தர், "விடு மாதப்பா, பொம்பளப் புள்ள" என்று என்னைச் சமாதானம் பண்ணினார். என்னை!

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது என்னோடு நடந்து வந்தாள். நான்தான் கேட்டேன், எதற்கு இப்படிச் சொன்னாய் என்று. "உன்னச் செருப்பால அடிக்கறத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா நீ ஏண்ணா கத்தன?" என்றாள். அவ்வளவுதான். சண்டை போடவில்லை, அழவில்லை. என்னிடம் இருக்கிற சத்தத்தில் பாதி அவளுக்கு இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவள் சென்டருக்கு ஆள் வரவில்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. எதிர்க்கடைதானே, பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கிழவி பையில் காகிதத்தை வைத்துக்கொண்டு வந்தாள், சென்டர் வாசலில் நின்றாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் பாலக்கோடு பஸ்ஸுக்குப் போனாள். "ஏன் பாட்டி, இங்கயே குடுக்கலாமே?" என்றேன். "நீதானப்பா சொன்ன, நம்பர் தப்பா ஏத்தறவன்னு. என் பென்ஷன் போச்சுன்னா நான் எங்க போவேன்?" என்றாள். நான் சொன்னதாம். அங்கே அத்தனை பேர் இருந்தார்கள், கடைசியில் நான் சொன்னதாம்.

பிறகு ஒரு நாள் ஷட்டரை இறக்கினாள். ஓசூரில் ஏதோ கம்பெனி. பெட்டியில் சாமான் அடுக்குகிற வேலை. லேடீஸ் ஹாஸ்டல். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். "வரேண்ணா" என்றாள். நான் ஒரு கஸ்டமரிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன்.

வலைக்கு ஈடு கொடுத்துவிட்டேன். அதை நான் ஏமாற்றவில்லை. பேசி, கொஞ்சம் முன்னே பின்னே, எல்லா வீட்டுக்கும் புது வலை வாங்கிக் கொடுத்தேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. போன வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை. மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். 'தங்கை செய்த தவறுக்குத் தன் கையிலிருந்து வலை கொடுத்த உத்தமர்' என்று தொப்பளானே பேசினான். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினான். பட்டாசு வெடித்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே? கையெடுத்துக் கும்பிட்டேன், தம்பி. அந்த ஃபிளெக்ஸில் நிற்கிற மாதிரியே நின்று கும்பிட்டேன். சால்வை கழுத்தில் பட்ட இடமெல்லாம் எரிந்தது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

வீட்டுக்காரி சாலம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். சால்வையைக் கையில் வாங்கி மடித்தாள். "பீரோவுல வைக்கட்டா, இல்ல ஓசூருக்குப் பார்சல் போடட்டா?" என்றாள். அன்றைக்கு வைத்த சோறு அப்படியே இருந்தது.

அது மட்டுமா? கடைக்கு வருகிறவன் ஒவ்வொருத்தனும் எனக்கு ஆறுதல் சொல்கிறான். "பாவம், தங்கச்சியால உனக்கு எவ்ளோ கஷ்டம்" என்கிறான். மீன் வெட்டிக்கொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டுகிறேன். கடனுக்கு மீன் கேட்கிறவன்கூட இப்போது மரியாதையாக, விலை பேசாமல், சொன்னதைக் கொடுத்துவிட்டுப் போகிறான். உத்தமரிடம் எப்படிப் பேரம் பேசுவது? என் தொழிலே போய்விட்டது. எதிரே அவள் சென்டரில் இப்போது ஒருத்தன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தலையைத் தூக்கினால் அதுதான் தெரிகிறது. கடைக்குள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானே எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறீர்கள். சுலபமாக நினைத்துவிடுகிறீர்கள். நான் சொன்னால் எவன் நம்புவான்? தங்கச்சியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான், தங்கமான மனுஷன் என்று இன்னொரு சால்வையைக் கொண்டுவருவான். அதுதான் நடக்கும். எனக்கு எங்கள் ஊரைத் தெரியும்.

போகாமல் இல்லை. ஒரு நாள் சங்கத்துக்குப் போனேன். தொப்பளான் வலை காயவைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். "மாமா" என்றேன். "என்னா மாப்ள?" என்றான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "இன்னைக்கு ரோகு என்னா வெல போடற?" என்று கேட்டேன். அவன் ஒரு விலை சொன்னான். நான் அதைக் குறைத்துப் பேசி, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சந்தையிலும் மேடையிலும் கத்துகிற வாய் இது. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஊமையாகிவிட்டது.

ஆகவே அவள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. பொய்யை ஆரம்பித்தவள் அவள். நான் கேட்டேனா? விழுகிற அடி விழுந்திருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். ஊர் பத்து நாள் சிரித்திருக்கும், தொப்பளான் பாட்டாகவே கட்டியிருப்பான், பதினோராம் நாள் நான் விலை பேசிக்கொண்டிருப்பேன். எதிர்க்கடையில் அவள் எவளோ ஒருத்தியின் நம்பரை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். அதைக் கெடுத்தது யார்?

ராயக்கோட்டை தாண்டிவிட்டதா? அப்படியானால் கிட்ட வந்துவிட்டோம். ஹாஸ்டல் வாசலில் அவளை வெளியே கூப்பிடுவேன். உள்ளே விடமாட்டார்களாம், அதனால் ரோட்டில் நின்றுதான் பேச வேண்டும். என்ன சொல்வது என்று காலையிலிருந்து நினைத்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன். உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், சரியாக இருக்கிறதா சொல்லுங்கள்.

இந்தாம்மா. நான் கெஞ்ச வரவில்லை. வேலையை விடு, பெட்டியைக் கட்டு, என்னோடு கிளம்பு. ஷட்டர் சாவியை அந்த ரிப்பேர்க்காரனிடமிருந்து நான் பேசி வாங்கித் தருகிறேன். ஆனால் முதலில் சங்கத்துக்கு வா. தொப்பளானைக் கூப்பிடு, எல்லோரையும் கூப்பிடு, அந்தக் கிழவியையும் கூப்பிடு. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, நான் ஏற்றின நம்பர் ஒன்றுகூடத் தப்பு இல்லை, தண்ணி எறங்கினதைக் கேட்டேன், இவன்தான் வாயை அடைத்தான் என்று சொல்லு. ஃபிளெக்ஸில் உன் பேரை நான் போடாமல் விட்டதைச் சொல்லு. உன்னைப் பார்த்துக் கத்தினதைச் சொல்லு. ஒன்றும் பாக்கி வைக்காதே. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். நீ பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன், அப்பா மேல் சத்தியமாகத் திறக்க மாட்டேன். கெடுத்தவள் நீ, நீயே வந்து சரி பண்ணு. என்னால் முடியவில்லை. நீ வா. வந்து சொல்லு.